உஷ்ணத்தால் ஓடும் யந்திரம்: அதனுள் கொதிக்க வேண்டிய திரவம் எது?

நம் கிராமங்களில் உஷ்ணத்துக்குக் குறைவில்லை. நெல் ஆலைகளில் உமி எரிகிறது. வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளில் கரும்புச் சக்கை எரிகிறது. செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் பல நாட்கள் கனன்றுகொண்டே இருக்கின்றன. ஆண்டின் பெரும் பகுதி வெயிலும் தாராளமாகக் காய்கிறது. வீணே வானில் கலந்துவிடும் இந்த உஷ்ணத்தில் ஒரு பகுதியையேனும் யந்திர சக்தியாக மாற்றிக்கொண்டால், கிணற்று நீரை இறைக்கலாம், மாவு அரைக்கலாம், தெரு விளக்குகளை எரிக்கலாம் என்னும் எண்ணம் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் கூட்டுறவு ஆலைகளை நடத்துவோருக்கும் தோன்றுவது இயல்பே.

அத்தகைய யந்திரம் ஒன்றை வாங்குவது பற்றிப் பேச்சு வரும்போது, அது எத்தனை குதிரைச் சக்தி உடையது, விலை என்ன, எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்று நாம் கேட்கிறோம். இவை கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "இந்த யந்திரத்தினுள் கொதித்து ஆவியாகும் பொருள் எது?" என்பதே அது. யந்திரத்தின் பருமனும், விலையும், அதனால் ஊருக்கு நேரக்கூடிய அபாயமும், அதற்குத் தேவைப்படும் பராமரிப்பும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே அதனை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

இவ்வகை யந்திரத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு. முதலாவது கொதிகலன்; இங்கே திரவம் உஷ்ணத்தைப் பெற்று ஆவியாகிறது. இரண்டாவது டர்பைன் அல்லது பிஸ்டன். அழுத்தத்துடன் வரும் ஆவி இங்கே விரிந்து, சக்கரத்தைச் சுழற்றி வேலை செய்கிறது. மூன்றாவது குளிர்விப்பான், வேலை முடித்து வரும் ஆவி இங்கே குளிர்ந்த நீராலோ காற்றாலோ மீண்டும் திரவமாகிறது. நான்காவது பம்பு, அது அந்தத் திரவத்தை மறுபடியும் கொதிகலனுக்கு அனுப்புகிறது.

கவலை இறைப்பை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் நீருடன் மேலே வருகிறது. பின்னர் மாடுகள் பின்னேறித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால்தான் அடுத்த சால் இறைக்க முடியும். அதுபோலவே திரவமும் உஷ்ணத்தின் உச்சியிலிருந்து குளிர்ச்சியின் பள்ளத்துக்கு இறங்குகையில் வேலை செய்கிறது. பம்பு அதனை மீண்டும் மேட்டுக்கு ஏற்றுகிறது. சரிவு நீளமாக இருந்தால் இறைப்பு மிகும். குறைவாக இருந்தால் எத்தனை நல்ல மாடுகளானாலும் பயன் குறைவே.

எந்தத் திரவமும் கடக்க முடியாத எல்லை

இந்தச் சரிவை அளக்கும் முறையைப் பிரான்சு நாட்டுப் பொறியியலறிஞர் சாதி கார்னோ 1824ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் ஆராய்ந்தார். அவர் காட்டிய வழியில் பின்வந்த அறிஞர்கள் வகுத்த கணக்கு எளியது. உஷ்ண மூலத்தின் வெப்பநிலையோடு 273ஐக் கூட்டுக. குளிர்ந்த பக்கத்துக்கும் அவ்வாறே செய்க. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் தொகையால் வகுத்தால், உஷ்ணத்தில் எத்தனை பங்கை வேலையாக மாற்ற இயலும் என்னும் மேல் வரம்பு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 90 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரும், 30 டிகிரி குளத்து நீரும் இருப்பதாகக் கொள்வோம். முதல் தொகை 363, இரண்டாவது 303, வித்தியாசம் 60. எனவே மேல் வரம்பு 16½ சதவிகிதம். நடைமுறையில் உராய்வு, உஷ்ணக் கசிவு முதலியவற்றால் இதில் பாதி கிடைப்பதே அரிது. சிறிய யந்திரங்களில் 6 முதல் 8 சதவிகிதம் கிடைத்தால் அதுவே நல்ல பலன்.

திரவத்தை மாற்றினால் இந்த வரம்பு மாறுமா? மாறாது. எந்தத் திரவமாயினும் வரம்பு ஒன்றே. நல்ல திரவம் செய்வதெல்லாம், வரம்புக்கு ஓரளவு அருகில் நம்மைக் கொண்டு செல்வதும், யந்திரத்தைச் சிறியதாகவும் பத்திரமானதாகவும் ஆக்குவதுமே. எனவே வெந்நீரிலிருந்து 30 சதவிகிதம் சக்தி எடுத்துத் தருவதாக ஒருவர் கூறுவாராயின், அவரிடம் மேலே பேச்சை வளர்க்க வேண்டியதில்லை.

தண்ணீரின் குணமும் குறையும்

முதலில் நினைவுக்கு வருவது தண்ணீரே. அது மலிவானது, நஞ்சன்று, தீப்பற்றாது, எவ்வளவு காய்ச்சினாலும் குணம் கெடாது. உலகின் பெரிய அனல்மின் நிலையங்களில் பெரும்பாலானவை இன்றும் நீராவியாலேயே இயங்குகின்றன. தீயின் நேரடி உஷ்ணம் கிடைக்கும் இடங்களில், அதாவது 200, 300 டிகிரிக்கு மேற்பட்ட நிலையில், தண்ணீருக்கு ஈடாக மற்றொன்றைக் காண்பது கடினம்.

ஆனால் உஷ்ணம் 100 டிகிரிக்குக் கீழே இருந்தால் நிலைமை மாறுகிறது. 80 டிகிரியில் நீராவியின் அழுத்தம் வாயு மண்டல அழுத்தத்தில் பாதிகூட இல்லை. 30 டிகிரியில் குளிரும்போது அது இருபதில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. யந்திரத்தின் உட்புறம் இவ்வாறு வெறுமையாக இருப்பதால், சிறு துவாரம் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகுந்து வேலையைக் கெடுக்கும். மேலும், 30 டிகிரியில் ஒரு கிலோ நீராவி ஏறக்குறைய 33,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். இத்தனை ஆவியும் கடந்து செல்வதற்கு மிகப் பெரிய டர்பைன் வேண்டும்.

வேறொரு குறையும் உண்டு. நீராவி விரிந்து குளிரும்போது அதில் ஒரு பகுதி நுண்ணிய துளிகளாகிறது. வேகமாக வரும் இத்துளிகள் டர்பைன் தகடுகளை அரித்துவிடும். இதனைத் தவிர்க்க நீராவியை மேலும் சூடேற்ற வேண்டும். குறைந்த உஷ்ணமுள்ள இடத்தில் அதற்கு வழியில்லை. நம் கிணறுகள் பலவற்றின் நீர் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தது என்பதையும் மறத்தலாகாது. அதனைச் சுத்திகரிக்காமல் கொதிகலனில் விட்டால் உட்புறம் பாறைபோல் படிவு ஏறி, குழாய்கள் வெந்து பழுதாகும்.

அம்மோனியா

கடற்கரை ஊர்களில் உள்ள ஐஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் அம்மோனியாவின் மூக்கைத் துளைக்கும் நெடியை அறிவார்கள். அது பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியிலேயே கொதிக்கும். ஆகவே மிதமான உஷ்ணத்திலும் பெரிய அழுத்தத்தைத் தரும்: 30 டிகிரியில் வாயு மண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 12 மடங்கு, 80 டிகிரியில் 40 மடங்குக்கும் மேல். யந்திரம் சிறியதாக அமையும். ஆனால் குழாய்களும் இணைப்புகளும் மிக உறுதியாக இருக்க வேண்டும். பிரான்சு நாட்டின் சார்லஸ் டெல்லியே என்பவர் 1885இல் கூரை மீது வைத்த தகடுகளில் சூரிய உஷ்ணத்தைப் பெற்று, அம்மோனியா ஆவியால் நீர் இறைத்துக் காட்டினார்.

அம்மோனியா விலை மலிவு. ஓசோன் மண்டலத்துக்கும் கேடு செய்யாது. ஆனால் அது நஞ்சு. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு கலந்தாலே உயிருக்கு உடனடி அபாயம் விளையும். செம்பையும் பித்தளையையும் அது அரித்துவிடுமாதலால் எஃகுச் சாமான்களையே உபயோகிக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆட்கள் எப்போதும் இருக்கும் தொழிற்சாலைக்கு இது ஏற்றது. பள்ளிக்கூடத்துக்கும் வீடுகளுக்கும் அருகில் வைக்கத் தக்கதன்று.

அம்மோனியா பற்றி நம் கடற்கரையிலேயே கிடைத்த படிப்பினை ஒன்று உண்டு. கடலின் மேல்மட்ட நீரின் வெதுவெதுப்பையும், ஆயிரம் மீட்டர் ஆழத்து நீரின் குளிர்ச்சியையும் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டத்தைச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தூத்துக்குடிக்கு அப்பால் மேற்கொண்டது. 1 மெகாவாட் திறனுக்கு அமைக்கப்பட்ட அந்த மிதக்கும் நிலையத்தின் திரவம் அம்மோனியாவே. ஆயினும், குளிர்நீரை மேலே கொணரும் நீண்ட குழாயைக் கடலில் இறக்குவதில் ஏற்பட்ட இடர்களால் 2000ஆம் ஆண்டுக்குப் பின் வந்த முயற்சிகள் நிறைவெய்தவில்லை. திரவம் பொருத்தமாக இருந்தும், குளிர்ந்த பக்கத்தை அமைக்க முடியாததால் பயன் கிட்டவில்லை என்பது கருதத் தக்கது.

எரியும் திரவங்கள்

பெட்ரோலிய வகையைச் சேர்ந்த ஐசோபியூட்டேன், பென்டேன் என்னும் இரண்டும் இன்று உலகின் பல இடங்களில் பூமியின் உள்உஷ்ணத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையங்களில் உழைக்கின்றன. ஐசோபியூட்டேன் நம் சமையல் எரிவாயுவுக்கு உறவானது. பூஜ்யத்துக்குக் கீழே 12 டிகிரி அளவில் கொதிப்பது. பென்டேன் 36 டிகிரியில் கொதிக்கும்.

இவற்றின் சிறப்பு என்னவெனில், இவை விரியும்போது துளிகளாக மாறுவதில்லை. உலர்ந்த ஆவியாகவே வெளிவருகின்றன. தகடுகள் அரிபடுவதில்லை, ஆவியைத் தனியே மிகைச் சூடேற்ற வேண்டியதும் இல்லை. யந்திரமும் சிறியதாகும். 30 டிகிரியில் ஒரு கிலோ ஐசோபியூட்டேன் ஆவி ஏறக்குறைய 100 லிட்டர் இடமே கொள்ளும். ஒரே அளவு உஷ்ணத்தைச் சுமக்கத் தண்ணீரைவிட ஏழெட்டு மடங்கு எடை ஐசோபியூட்டேன் வேண்டுமென்றாலும், மொத்தத்தில் 33,000 லிட்டருக்குப் பதில் 800 லிட்டர் அளவோடு வேலை முடிந்துவிடுகிறது.

குறை வெளிப்படையானது, இவை தீப்பற்றும். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். பென்டேனில் இன்னொரு நுட்பமும் உண்டு. குளிர்விப்பான் 36 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைந்து, காற்று உள்ளே புகக்கூடும். எரியும் ஆவியும் காற்றும் ஓரிடத்தில் கலப்பதைப் போன்ற அபாயம் வேறில்லை.

சட்டத்தின் கட்டுப்பாட்டைத் தவிர்ப்பதற்காகவே திரவத்தைத் தேர்ந்தெடுத்த வரலாறும் உண்டு. 1880களில் அமெரிக்காவில் நீராவிப் படகு ஓட்ட உரிமம் பெற்ற யந்திர நிபுணர் வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதனைத் தவிர்க்க விரும்பியோர், தண்ணீருக்குப் பதில் நாப்தாவைக் கொதிக்கவைக்கும் படகுகளை வாங்கினார்கள். அதே நாப்தாவே அடுப்பிலும் எரிந்தது. உரிமத் தொல்லை நீங்கியது. ஆனால் தீ அபாயம் படகிலேயே குடிகொண்டது. பெட்ரோல் யந்திரம் பரவியதும் அப்படகுகள் மறைந்தன. சட்டம் கேட்கவில்லை என்பதால் அபாயம் இல்லாமற் போய்விடாது.

குளிர்பதனத் திரவங்கள்

தீப்பற்றாததும் நஞ்சில்லாததுமான திரவம் வேண்டுமென்று தேடியவர்கள், குளிர்பதனப் பெட்டிகளில் உபயோகிக்கும் திரவங்களை நாடினார்கள். ருஷ்யாவின் கம்சாட்கா பிரதேசத்தில் பரதூன்கா என்னுமிடத்தில் 1967இல், 81 டிகிரி வெந்நீரைக் கொண்டே மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று ஓடத் தொடங்கியது. அதன் திரவம் ஆர்-12. அந்நாளில் அது குறையற்ற திரவமாகவே கருதப்பட்டது. பின்னர் இவ்வகைத் திரவங்கள் கசிந்து மேலே சென்று ஓசோன் மண்டலத்தை அழிக்கின்றன என்பது நிரூபணமாயிற்று. 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை இவற்றைக் கைவிட வழி செய்தது. நம் நாடும் 2010க்குள் இவற்றை விலக்கியது.

இவற்றுக்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியின் வெப்பத்தை மிகுவிக்கிறது. ஒரு கிலோ ஆர்-134ஏ நூறாண்டுக் கணக்கில் 1,400 கிலோ அளவு கரியமில வாயுவுக்குச் சமமான கேட்டை விளைவிக்கும். ஆகவே 2016ஆம் ஆண்டின் கிகாலி திருத்தத்தின்படி இவையும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகின்றன. ஆர்-1233இசட்டி போன்ற புதிய திரவங்களில் இக்கேடு மிகக் குறைவு, விலையோ அதிகம்.

இதில் நமக்குள்ள பாடம் தெளிவானது. யந்திரம் இருபது ஆண்டுகள் உழைக்கலாம். திரவமோ அதற்கு முன்பே சந்தையிலிருந்து மறையலாம். கசிந்த திரவத்தை மீண்டும் நிரப்ப முடியாவிட்டால் நல்ல யந்திரமும் பழைய இரும்பாகவே மிஞ்சும்.

அலாஸ்காவில் சேனா வெந்நீர் ஊற்றில் 2006இல் அமைக்கப்பட்ட யந்திரம் 74 டிகிரி வெந்நீரில் ஆர்-134ஏ கொண்டு ஓடிற்று. ஏறக்குறைய 8 சதவிகிதப் பலன் தந்தது. இதனைக் கேட்டு வியப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே குளிர்விக்கும் நீர் 4 டிகிரி அளவில் கிடைத்தது. அதே ஊற்று நம் ஊரில் 30 டிகிரி நீரோடு இருந்திருந்தால், மேல் வரம்பு 20 சதவிகிதத்திலிருந்து 13 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியிருக்கும்.

ஒரு கணக்கு

ஊர் ஆலை ஒன்றில் 90 டிகிரி வெந்நீர் வாயிலாக 100 கிலோவாட் உஷ்ணம் வீணாவதாகக் கொள்வோம். பொருத்தமான திரவம் கொண்ட யந்திரம் அதில் 7 கிலோவாட் எடுத்துத் தரலாம். அதிலிருந்தே திரவப் பம்புக்கும் குளிர்நீர்ப் பம்புக்கும் ஏறக்குறைய 2 கிலோவாட் செலவாகும். நம் கைக்கு வருவது 5 கிலோவாட். அதாவது ஏறக்குறைய 6.7 குதிரைச் சக்தி.

மீதி 93 கிலோவாட் உஷ்ணம் எங்கே போகும்? அதனைக் குளிர்விப்பான் வாயிலாக வெளியேற்ற வேண்டும். நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கோபுரமாயின், மணிக்கு 138 லிட்டர் நீர் ஆவியாகிப் போகும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் 1,380 லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது ஊரகக் குடிநீர்த் திட்டத்தின் அளவு. அக்கணக்கில் இது 25 பேருக்குரிய நீர். கோடையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில், 5 கிலோவாட்டுக்காக இந்த நீரைக் கொடுக்கலாமா என்பதைப் பஞ்சாயத்துதான் தீர்மானிக்க வேண்டும். காற்றால் குளிர்விக்கலாம், ஆனால் அப்போது விசிறிகளுக்குச் சக்தி செலவாகும், நடுப்பகல் வெயிலில் பலனும் குறையும்.

எங்கே எது பொருந்தும்?

உமியோ சக்கையோ எரிக்கும் நெல் ஆலைகளிலும் சர்க்கரை ஆலைகளிலும் தண்ணீரே தக்கது. ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி கிடைக்கிறது. அதனை எரித்து உயர்ந்த அழுத்தத்தில் நீராவி எடுத்து, முதலில் டர்பைனைச் சுழற்றச் செய்து, பின்னர் அதே நீராவியை நெல் அவிக்கவும் உலர்த்தவும் உபயோகித்தால் உஷ்ணம் இருமுறை உழைக்கிறது.

விறகுத் துண்டுகளை எரிக்கும் ஆஸ்திரிய நாட்டு லீன்ஸ் நகர நிலையத்தில் சிலிகான் சார்ந்த எண்ணெய் வகைத் திரவம் உழைக்கிறது. அங்கே தீயின் உஷ்ணம் முதலில் வேறோர் எண்ணெய்க்கு ஏற்றப்பட்டு, அதன் வழியே திரவத்தை அடைகிறது. தீ நாக்கு நேரே பட்டால் இத்தகைய திரவங்கள் சிதைந்துவிடும் என்பதே காரணம். யந்திரத்திலிருந்து வெளிவரும் வெந்நீரும் வீணாவதில்லை. நகரத்து வீடுகளுக்குச் சூடேற்றச் செல்கிறது.

100 டிகிரிக்குக் கீழ்ப்பட்ட உஷ்ணமாயின், அதனை உஷ்ணமாகவே உபயோகிக்க வழியுண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். குஜராத்தில் புஜ் நகருக்கு அருகே 6,000 சதுர மீட்டர் பரப்பில் அமைக்கப்பட்ட சூரிய உப்புக்குளம், பால் பண்ணைக்கு வெந்நீர் அளிக்கவே பயன்பட்டது. வெயிலிலிருந்து மின்சாரம் மட்டுமே நோக்கமாயின், சூரிய மின்தகடுகள் இன்று இந்த யந்திரங்களைவிட எளியவை. அவற்றுக்குக் கொதிக்கும் திரவமும் வேண்டாம், குளிர்நீரும் வேண்டாம்.

கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

யந்திரம் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றும் முன் பின்வரும் ஏழு விஷயங்களுக்கு எழுத்து மூலம் விடை பெறுதல் நலம்.

1. உஷ்ண மூலத்தின் வெப்பநிலை என்ன? நம் ஊர்க் கோடையில் குளிர்ந்த பக்கத்தின் வெப்பநிலை என்ன?

2. திரவத்தின் பெயர் என்ன? கொதிகலனிலும் குளிர்விப்பானிலும் அதன் அழுத்தம் எவ்வளவு?

3. அது தீப்பற்றுமா? நஞ்சா? கசிந்தால் மேலே செல்லுமா, தரையில் தேங்குமா? கனமான ஆவி பள்ளமான அறையில் தேங்கினால், நஞ்சில்லாததாயினும் மூச்சு முட்டச் செய்யும். பாழுங்கிணற்றில் இறங்கி மாண்டவர்களை நாம் அறிவோம்.

4. எந்த உஷ்ணத்துக்கு மேல் திரவம் சிதையும்? எந்த உலோகத்தை அரிக்கும்?

5. மீண்டும் நிரப்ப ஒரு கிலோ என்ன விலை? எங்கே கிடைக்கும்? உடன்படிக்கைகளின்படி அது விலக்கப்படும் வரிசையில் உள்ளதா?

6. பம்புகளும் விசிறிகளும் தின்றது போக நிகரமாகக் கிடைக்கும் சக்தி எவ்வளவு? நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் நீர் செலவாகும்?

7. எந்தெந்த அனுமதிகள் வேண்டும்? 1923ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டுள்ளது. கொதிகலன் இயக்ககத்தையும் தீயணைப்புத் துறையையும் கலந்து கொள்ளாமல் எதையும் நிறுவலாகாது.

எல்லா நற்குணங்களும் ஒருங்கே அமைந்த திரவம் உலகில் இல்லை. விதையைத் தேர்ந்தெடுக்கும் குடியானவர் மண்ணையும் மழையையும் சந்தையையும் சேர்த்தே எண்ணுகிறார். அடுத்த ஊரில் விளைந்தது என்பதற்காக மட்டும் விதைப்பதில்லை. திரவத்தைத் தேர்ந்தெடுப்பதும் அவ்வாறே. நம்மிடமுள்ள உஷ்ணம் எத்தகையது, நம் நீர் எவ்வளவு, யந்திரத்தைக் காக்கும் ஆட்கள் யார், அருகில் வசிப்போர் எத்தனை பேர் என்பவற்றை முதலில் எழுதி வைத்துக்கொள்வோம். அப்பட்டியலுக்குப் பொருந்தும் திரவம் கிடைத்தால் யந்திரத்தை வாங்குவோம். பொருந்துவது கிடைக்காவிடில், ஊர்ப் பணத்தைக் குடிநீர்க் குழாய்க்கோ உலர்களத்துக்கோ செலவிடுவதே தக்கது.